முன்வரிசைக் குதிகால்

ஊமை நாடகம் பார்க்க எங்கள் தெருவில் யாரும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. என் தையல் கடைக்கு மேலே ஒரு மாடி ஏறினால் போதும். அங்கே அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இருபத்துநாலு வருஷமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீடு அம்மா எழுதிவைத்தது, இருவர் பேரிலும். நான் ஏன் போகணும், அவ போகட்டும் என்று இருவருமே நினைத்ததில் இருவருமே போகவில்லை.

அடுப்பில் இடது பர்னர் பெரியக்காவுக்கு, வலது பர்னர் சின்னக்காவுக்கு. உப்பு டப்பா இரண்டு. சர்க்கரை டப்பா இரண்டு. காலையில் இரண்டு கெட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் கொதிக்கும். பெரியக்கா பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குக் கிளம்புவார். முழங்கால் சரியில்லை, கைத்தடி உண்டு, உட்கார்ந்து செய்யும் வேலைதான் தோதுப்படும். சின்னக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறார். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. பெரியக்காவுக்கு ஒரு கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் முடிந்துபோனது. சின்னக்காவுக்கு அதுவும் இல்லை.

நடுவில் நான். என்னுடைய தலையெழுத்து. போன மழைக்காலத்தில் பெரியக்கா தடியை ஊன்றிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"தம்பி, அந்த ரூம்ல மூணு நாளா இருமல் சத்தம் கேக்குது."

"சின்னக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"யாருக்குன்னு எனக்கென்ன தெரியும்? சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். இந்த மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லு. வெறும் வயித்துல வேணாம்."

"நீங்களே கொடுக்கலாமேக்கா. பத்தடி தூரம்."

"உன் வேலை என்னவோ அதைப் பாரு."

அந்த மாத்திரையை நான் மாடிக்கு எடுத்துப்போய், பெரியக்காவின் கதவைத் தாண்டி, சின்னக்காவிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. "தேங்க்ஸ்னு சொல்லிடுங்க தம்பி" என்றார். யாரிடம் சொல்ல என்று நானும் கேட்கவில்லை. கீழே இறங்கும்போது பெரியக்காவின் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

இந்த இருவரும் ஒரு காலத்தில் மேடையில் ஆடியவர்கள். நகரத்துப் பெரிய அரங்கத்தில் ஒரு நடனக் குழு இருந்தது. வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசை, மொத்தம் பதினாறு பெண்கள். பெரியக்கா முன்வரிசையில் நடுவில் நிற்பவர். சின்னக்கா அவருக்கு நேர் பின்னால். பத்தொன்பது வருஷம் அப்படியே ஆடினார்கள். எல்லாம் நான் இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால். நான் பார்த்ததெல்லாம் கைத்தடியும் இருமலும்தான்.

கூரை ஒழுகி பல வருஷம் பூட்டிக் கிடந்த அந்த அரங்கத்தை இந்த வருஷம் சரிசெய்து திறப்பதாக ஏற்பாடு. திறப்புக்குப் பழைய நடனக்காரிகளையே ஒருமுறை ஆடவைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே விளக்குப் போட்ட லைட்டுக்காரர்தான் பொறுப்பு. ஆட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் போய்ச்சேர்ந்துவிட்டார். பதினாறு பேரில் நாலு பேரும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். மிச்சத்தில் ஏழு பேர் வருகிறேன் என்றார்கள்.

மாடிக்கும் இரண்டு அழைப்புக் கடிதம் வந்திருந்தது. பெரியக்கா தன் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார்.

"இதுல நூல் சுத்தி வச்சுக்கோ தம்பி. நல்ல கெட்டி அட்டை."

சின்னக்கா மறுநாள் வந்தார். கையில் ஒரு பழைய விரிப்பில் சுற்றிய மூட்டை. பிரித்தால் நீலப் பட்டு உடுப்பு, மேல்சட்டையும் தரை தொடும் பாவாடையும். பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறியது.

"போட்டுப் பாத்தேன். பாவாடை பரவால்ல, ஏத்துக் கட்டிக்கலாம். சட்டைதான், கொக்கிக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒரு சாண் நிக்குது" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தார். "உடுப்பு சுருங்கிப்போச்சு தம்பி."

"ஆமாக்கா, பட்டு அப்படித்தான். பெட்டிக்குள்ள இருந்தே சுருங்கும்."

இஞ்ச் டேப்பைப் போட்டு அளந்தேன். சட்டையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். உள்ளே மடித்துவிட்ட துணி ஒரு விரல்கூட இல்லை. பதினாறு உடுப்பு ஒரே நேரத்தில் தைத்தவன் துணியை மிச்சம் பிடித்திருக்கிறான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். பிரித்துவிட வழியில்லை, இரண்டு பக்கமும் அதே துணியில் துண்டுப் பட்டி வைத்துத்தான் அகலப்படுத்த வேண்டும். இந்த நீலம் இப்போது எந்தக் கடையிலும் கிடையாது என்று சொன்னேன்.

சின்னக்கா மாடிப்படியைப் பார்த்தார்.

"அவங்ககிட்ட இருக்கு. அதே துணி."

"கேக்கலாமே."

"நீங்க கேளுங்க."

"வெட்டணும்க்கா. பட்டி வைக்கணும்னா அந்த உடுப்பை வெட்டணும். அப்புறம் அது உடுப்பா இருக்காது."

"தெரியும்" என்றார் சின்னக்கா. "அதனாலதான் உங்களைக் கேக்கச் சொல்றேன்."

பெரியக்காவிடம் நான் போனது ஞாயிற்றுக்கிழமை. அவர் ஜன்னலோரம் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கத்தி நின்றது.

"என்னை மேடையிலிருந்து இறக்கினவ, இப்ப என் துணியைப் போட்டுக்கிட்டு மேடை ஏறணுமா?"

"அவங்க என்னக்கா செஞ்சாங்க?"

அந்தக் கதையை அரையும் குறையுமாக முன்பே கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார்.

"எனக்கு முழங்கால் போனது உலகத்துலயே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். கடைசி ஒரு வருஷம் வலியை மறைச்சுத்தான் ஆடினேன். தெனமும் வீட்டுல ஒத்தடம் கொடுத்தவ அவ. மேடையில ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. சிரிச்ச முகம் மாறாம ஆடினேன். ஒரு நாள் மாஸ்டர் எல்லார் முன்னாலயும் கூப்பிட்டு, 'உன் கால் போச்சு, நாளையிலிருந்து வராதே'ன்னார். யாரு சொன்னான்னு கேட்டேன். 'யாரும் சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்'னார். எப்படித் தெரியும்? கனவுல வந்துச்சா?"

"சின்னக்காவைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நான் சொல்லலைன்னா. சரி, நம்பலாம்னுகூட நெனச்சேன். ஆனா நான் வெளிய வந்த ஆறாம் நாள் அவளும் நின்னுட்டா. ஏன் நின்னேன்னு கேட்டா, பதில் இல்ல, தரையைப் பாக்குறா. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அன்னைக்கு மூடினேன் வாயை."

மறுபடி தோல் சீவ ஆரம்பித்தார். உரித்த கிழங்கின் மேலேயே கத்தி இரண்டு தரம் போனது. உடுப்பைப் பற்றி மேற்கொண்டு கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த வாரம்தான் ஒத்திகை தொடங்கியது. முதல் நாள் போய்விட்டு சின்னக்கா நேராக மாடிக்குப் போகாமல் என் கடையில் வந்து உட்கார்ந்தார். மழையில் நனைந்திருந்தார். ஸ்டூலுக்குக் கீழே தண்ணீர் சொட்டியது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையைச் சூடுபண்ணிக்கொண்டார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்வேன். செத்தாலும் வெளிய விடக் கூடாது."

என் வாய் ஓட்டை வாய் என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் தலையாட்டினேன்.

"எனக்கு ஆட்டமே தெரியாது."

"பத்தொன்பது வருஷம் ஆடினீங்களேக்கா!"

"அக்கா குதிகாலைப் பாத்து ஆடினேன். மத்தவங்க எல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப்பாங்க. எனக்கு எண்ணிக்கை ஏறவே இல்ல. மொத நாள்லேருந்தே என் கண்ணு அக்கா காலை விட்டு நகரல. அது தூக்கினா நான் தூக்குவேன். அது திரும்பினா நான் திரும்புவேன். கைகூட அந்தக் காலைப் பாத்துத்தான் வரும். இன்னைக்குப் பாட்டு போட்டாங்க. எல்லாரும் ஆடுறாங்க, நான் மரம் மாதிரி நின்னேன்."

"அப்ப அன்னைக்கு, பெரியக்கா வெளிய வந்த அப்புறம் நீங்க நின்னது..."

"அஞ்சு நாள் மேடையில நின்னு பாத்தேன். முன்னாடி வேற ஒருத்தி காலு. அதைப் பாத்து என்னால ஆட முடியல. ஏன் நின்னேன்னு அக்கா கேட்டா. என்னன்னு சொல்வேன்? இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன், எனக்கு ஒண்ணும் தெரியாது, நீ ஆடினதைத் திருடித் திருடி ஆடினேன்னா? அவமானமா இருந்துச்சு தம்பி."

"இப்பவாவது சொல்லுங்களேன். அவங்க வேற மாதிரி நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"சொல்லக் கூடாதுன்னுதான் வாக்கு வாங்கினேன்" என்று எழுந்தார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவங்க இல்லாம நானே ஆடிக் காட்டணும். அவங்க அதைப் பாக்கணும். அப்புறம் சொல்றேன். இல்லைன்னா மூஞ்சியில முழிக்க முடியாது."

டீ அப்படியே இருந்தது. அதை நான்தான் குடித்தேன்.

மூன்று நாள் கழித்துக் கடையைத் திறக்க வந்தபோது ஷட்டர் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே நீல உடுப்பு, இஸ்திரி போட்டு மடித்தது. சாயங்காலம் பெரியக்கா படியேறும்போது கேட்டேன்.

"வெட்டிடட்டுமாக்கா? நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"வெட்டு. பெட்டிக்குள்ள இருந்து எனக்கென்ன சோறா போடப்போகுது?" என்றவர் இரண்டு படி ஏறிவிட்டு நின்றார். "பட்டியைக் கைக்குழிக்குக் கீழ வை. தூக்கும்போது பிடிக்கக் கூடாது. கை மேல போற ஆட்டம் அது."

வெட்டுவதற்கு முன் இரண்டு உடுப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இரண்டு பாவாடையிலும் வலது பக்கம், பின்னால், ஒரே இடத்தில் ஓரமடிப்பு தேய்ந்து இழை பிரிந்திருந்தது. இரண்டு விரல் அகலம், இம்மி பிசகவில்லை. மேடையில் ஆணி ஏதாவது இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தையல்காரன் புத்தி தையலோடு நின்றுவிடும். சின்னக்காவின் பாவாடையில் மட்டும் அந்த இடத்துக்கு உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைத்தேன். அப்புறம் கத்தரியை எடுத்து, பெரியக்காவின் உடுப்பை முதுகுப் பக்கமாக வெட்டினேன். மாடியில் தடி ஊன்றும் சத்தம் ஜன்னல்வரை போவதும் வருவதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆறு வாரம் மழை விடவில்லை. சின்னக்கா சலவை வேலை முடித்து ஒத்திகைக்குப் போய், பஸ் பிடித்து வீடு வருவார். இரண்டாம் வாரத்தில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"வருது தம்பி. தரையைப் பாத்துக்கிட்டு, அங்க ரெண்டு குதிகால் இருக்குன்னு நெனச்சுக்கிட்டா போதும், தானா வருது. ஆனா லைட்டுக்காரர்கிட்டதான் மல்லுக்கட்டு. ஏழு பேரையும் ஒரே வரிசையா முன்னாடி நிறுத்தணும்கிறார். நான் பின்னாடிதான் நிப்பேன், எனக்கு முன்னாடி இடத்தைக் காலியா விடுங்க, இல்லைன்னா ஆளை விடுங்கன்னுட்டேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"பைத்தியம்னு நெனச்சுக்கிட்டு விட்டுட்டார்."

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு இரண்டு பாஸ் கொண்டுவந்து கொடுத்தார். "ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு, யாரைக் கூட்டிட்டு வரத் தோணுதோ அவங்களுக்கு." அந்த இன்னொன்றைப் பெரியக்காவின் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. பல் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேலை இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை பல் ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும் என்பது ஊருக்கே தெரியும்.

ஞாயிறு மத்தியானம் மழை விட்டிருந்தது. சின்னக்கா காலையிலேயே போய்விட்டார். நான் சட்டை மாற்றிக்கொண்டு கடையை இழுத்துப் பூட்டினேன். படியடியில் பெரியக்கா நின்றார். தலைமுடியை உயர்த்தி வாரிக் கொண்டை போட்டிருந்தார். அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"எங்க போற பஸ்ஸுக்கா?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காதே. என் துணி போகுது. அதை நீ எந்த லட்சணத்துல தைச்சிருக்கேன்னு பாக்க வேணாமா?"

அரங்கத்தில் புது பெயிண்ட் வாசம். மூன்றாவது வரிசையில் ஓரத்து இடம், பெரியக்கா காலை நீட்டிக்கொள்ள வசதி. பேச்சுகள் முடிய ஒரு மணி நேரம் ஆனது. எனக்குக் கொட்டாவி வந்தது. பெரியக்கா மட்டும் திரையின் அடிவிளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை மேலே போனது. ஏழு நீல உடுப்பு. முன்னால் நாலு பேர், பின்னால் மூன்று பேர். முன்வரிசையின் நடுவில் ஒரு ஆள் இடம் காலி. அதற்கு நேர் பின்னால் சின்னக்கா. எனக்குப் பின்சீட்டில் ஒருவர், "நடுவுல ஆடுறவங்க வரலை போலிருக்கு" என்றார்.

"அது என் இடம்" என்றார் பெரியக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஆமாக்கா. அவங்கதான் காலியா விடச் சொன்னாங்க."

பாட்டு தொடங்கியது. ஆட்டம் எனக்குத் தெரியாது, தையல் தெரியும். கை மேலே போகும்போது பட்டி பிடிக்கவில்லை, அதைப் பார்த்து ஒரு மூச்சு விட்டேன். முன்னால் இருந்த நாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒருவர் திசை மாறித் திரும்பிச் சமாளித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். சின்னக்கா யாரையும் பார்க்கவில்லை. முன்னால் இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தார். ஒரு அடி தப்பவில்லை.

"இவ ஆடி நான் பாத்ததே இல்ல தம்பி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பத்தொன்பது வருஷமும் முதுகுக்குப் பின்னாலதானே நின்னா. நான் எங்க பாக்குறது? நல்லாத்தான் ஆடுறா" என்றார். அவருடைய செருப்பு தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

எல்லோரும் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் சின்னக்காவின் வலது கால் ஒரு கணம் பின்தங்கியது. குதிகால் தரையில் இழுபட்டு, பாவாடை ஓரத்தை உரசிக்கொண்டு, அப்புறம் வந்து சேர்ந்தது. மற்ற ஆறு பேரில் யாரும் அப்படிச் செய்யவில்லை. தப்பாகவும் தெரியவில்லை, தாளத்துக்குள்ளேயே அழகாக இருந்தது.

பெரியக்காவின் செருப்பு நின்றது.

"தம்பி, அவளுக்கு முழங்கால் வலியா?"

"இல்லக்கா. ஒரே மூச்சுல மூணு மாடி ஏறுவாங்க."

பல்லவி திரும்ப வந்தது. மறுபடி சுற்று. ஒன்று, இரண்டு, மூன்று. அதே வலது கால், அதே இழுப்பு. எனக்கு மேஜையில் விரித்த இரண்டு பாவாடையும் ஞாபகம் வந்தது. வலது பக்கம், பின்னால், ஒரே இடம். சொன்னேன். பெரியக்கா என் கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"அது நான்" என்றார். "கடைசி வருஷம் மூணாவது சுத்துல என் கால் அப்படித்தான் நிக்கும். சிரிச்சுக்கிட்டே இழுத்துச் சேர்த்துடுவேன். முன்னாடி ஒருத்தி இழுத்தா யாருக்குத் தெரியும்? பின்னாடியும் ஒருத்தி அதே மாதிரி இழுத்தா குருடனுக்கும் தெரியும். மாஸ்டருக்கு யாரும் சொல்லல. அவர் பாத்துட்டார்."

"சின்னக்காவுக்கு அது தெரியுமாக்கா?"

"எங்க தெரியும்? இன்னமும் அதை ஆட்டம்னு நெனச்சு ஆடிக்கிட்டு இருக்கா, பாரு."

அதற்கு மேல் அவர் ஆட்டத்தைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது. எனக்கு அந்த அடுப்பும், இரண்டு உப்பு டப்பாவும், இருபத்துநாலு வருஷக் காலை நேரங்களும் மனசில் ஓடின. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பெரியக்கா மேடையில் பின்னால் திரும்பிப் பார்த்திருந்தால் என்று கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது?

மேடைக்குப் பின்னால் ஒரு நீளமான நடை. ஆறு பேரைச் சுற்றிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக ஒரே இரைச்சல், போட்டோ. சின்னக்கா மட்டும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கொக்கிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். தடிச் சத்தம் கேட்டதும் கை நின்றது. எழுந்துகொண்டார்.

பெரியக்கா அவர் முன்னால் போய் நின்றார். பட்டியைத் தொட்டுப் பார்ப்பார், தையலைக் குறை சொல்வார் என்று நினைத்தேன். அவர் சின்னக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மூணாவது சுத்துல வலது காலை ஏன் இழுக்குறே?"

சின்னக்கா என்னைப் பார்த்தார். பழக்கதோஷம். நான் அதைத் திருப்பிச் சொல்வேன், அப்புறம் பதிலை என்னிடம் சொல்லலாம் என்று காத்திருந்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றுகொண்டேன்.

"அது..." என்றார் சின்னக்கா. "அது ஆட்டத்துல இருக்குதேக்கா. நீ அப்படித்தானே வைப்பே?"

"அது ஆட்டம் இல்லடி" என்றார் பெரியக்கா. "எனக்கு வலிச்சது."

சின்னக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். நீலப் பாவாடையைக் கணுக்கால்வரை தூக்கி, வலது காலை முன்னால் நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.